தம்பிக்குப் பத்தாவது முடிந்தது: தொழிற்கல்வி குரூப்பா, ஐ.டி.ஐ.யா, டிப்ளமோவா?

பவானிக்கரை:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் இரண்டு வாரமாக இதே பேச்சு, யாரைக் கேட்டாலும் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

என் தம்பி இந்த வருடம் பத்தாவது எழுதினான். ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளி. 500க்கு 291. தமிழ் 72, சமூக அறிவியல் 65, அறிவியல் 61, கணக்கு 52, ஆங்கிலம் 41. மக்குப் பையன் இல்லை, உட்கார்ந்து உருப்போடுவதுதான் அவனுக்கு வராது. எங்கள் தெருவில் விசைத்தறி ஓடுகிறது, தறி நின்றுபோய் மேஸ்திரி வந்தால் இவன் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு அவர் பக்கத்தில் ஸ்பேனரோடு போய் நிற்பான். போன மாதம் வீட்டு மோட்டார் தண்ணீர் எடுக்கவில்லை என்றதும் ஃபுட் வால்வில்தான் கோளாறு என்று யாரும் கேட்காமலே சொன்னான், அது சரியாகவும் இருந்தது.

இப்போது பிரச்சினை. அப்பா தறிக்காரர். "நான்தான் ஆயிலில் கை வைத்துப் பிழைத்தேன், இவனாவது ஏ.சி. ரூமில் உட்காரட்டும்" என்று பிளஸ் ஒன்னில் கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப்தான் என்கிறார். தலைமை ஆசிரியர், இந்த மார்க்குக்குக் கணக்கு, இயற்பியல் எல்லாம் சிரமம், பக்கத்து ஊர்ப் பள்ளியில் தொழிற்கல்வி குரூப் இருக்கிறது, அடிப்படை இயந்திரவியல் எடுக்கட்டும் என்கிறார். கோயமுத்தூரில் ஃபவுண்டரியில் இருக்கும் மாமா, தொழிற்பயிற்சி நிலையமான ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் (இயந்திர பாகங்களைச் சீர்செய்து பொருத்தும் தொழில்) என்று ஒரே பிடியாக நிற்கிறார். இதற்கு நடுவில் ஒரு தனியார் பாலிடெக்னிக்கிலிருந்து இரண்டு பேர் வீட்டுக்கே வந்து, இன்றைக்கே 5,000 கட்டினால் மெக்கானிக்கல் டிப்ளமோ சீட் உறுதி என்று நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் போனார்கள். நம் விலாசம் அவர்களுக்கு எப்படிக் கிடைத்ததென்றே தெரியவில்லை.

நான் திருப்பூரில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். வீட்டில் நான்தான் மூத்தவள், கடைசியில் என் தலையில்தான் முடிவு வந்து நிற்கும். இவற்றில் எதைப் படித்தால் பின்னால் வழி அடைபடாது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

லேத்துக்கடை:

தங்கச்சி, நான் கோவை கணபதியில் சின்னதாக ஒரு பட்டறை வைத்திருக்கிறேன். நாலு லேத், கம்ப்யூட்டரில் ஓடும் சி.என்.சி. மெஷின் ஒன்று, ஆறு பேர் வேலை. பம்புக் கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க். என் அனுபவத்தை மட்டும் சொல்கிறேன்.

என்னிடம் வேலை கேட்டு வருகிறவனிடம் நான் மார்க் கேட்பதில்லை. ஒரு டிராயிங்கைக் கையில் கொடுத்து, இந்த ஷாஃப்டில் எந்த அளவு முக்கியம், எதில் கொஞ்சம் முன்னே பின்னே போகலாம் என்று கேட்பேன். பிறகு ஒரு மைக்ரோமீட்டரைக் கொடுத்து அளக்கச் சொல்வேன். இஞ்சினியரிங் முடித்து வந்த பையன்களில் பாதிப் பேர் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். நல்ல ஐ.டி.ஐ.யில் ஒழுங்காக இரண்டு வருடம் நின்றவன் தப்பிக்கிறான். ஃபிட்டர் பிரிவில் முதல் சில மாதம் அரம் போட வைத்தே உயிரை எடுப்பார்கள். ஒரு இரும்புத் துண்டை நாலு பக்கமும் சமமாக ராவி, மட்டப்பலகை வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் இடுக்கில் வெளிச்சம் தெரியக் கூடாது. அப்புறம் ஒன்றுக்குள் ஒன்று பொருந்துகிற மாதிரி இரண்டு துண்டு. கை கொப்பளிக்கும், பையன் வீட்டுக்கு வந்து இது என்ன படிப்பு என்று புலம்புவான். ஆனால் அந்த ஆறு மாதத்தில் கைக்கு ஒரு கணக்கு வந்துவிடுகிறது, அதைப் புத்தகத்தில் வாங்க முடியாது.

அதனால் ஐ.டி.ஐ. என்றுதான் சொல்வேன். ஒரு எச்சரிக்கை மட்டும். எல்லா ஐ.டி.ஐ.யும் ஒன்றில்லை. சில தனியார் இடங்களில் மெஷின் மேல் துணி போட்டு மூடி வைத்திருப்பார்கள், இன்ஸ்பெக்‌ஷன் வந்தால்தான் துணி இறங்கும். ஒரு வேலை நாளில் பதினோரு மணிக்குப் போய்ப் பாருங்கள். தரையில் கடைந்த இரும்புச் சுருள் கிடக்கிறதா, கூலன்ட் வாசம் வருகிறதா, பையன்கள் கையில் கறை இருக்கிறதா. இல்லையென்றால் திரும்பி வந்துவிடுங்கள்.

எங்கள் ஊர் ஜி.டி.நாயுடு 1945இல் அன்றைய சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப் பெயரில் தொழில்நுட்பக் கல்லூரி தொடங்கினார், அதுதான் பிறகு இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரி (ஜி.சி.டி.) ஆனது. நாலு வருடம் படிப்பதெல்லாம் வீண், இரண்டு வருடம் போதும் என்று வாதாடி, அரசு ஒத்துக்கொள்ளாததால் அந்தக் கல்லூரி முதல்வர் பதவியை விட்டு விலகியவர். அவர் சொன்னதை முழுக்க ஒப்புக்கொள்ள மாட்டேன், ஆனால் பட்டறையில் நின்று பார்த்தால் மனிதர் எதைச் சொன்னார் என்று புரியும்.

ஓய்வுவாத்தியார்:

மகளே, அந்தத் தொழிற்கல்வி குரூப்பில்தான் முப்பது வருடம் பாடம் நடத்தினேன். அதனால் அதை விட்டுக்கொடுக்கவும் மனமில்லை, பொய் சொல்லவும் மனமில்லை.

தமிழ்நாட்டில் பிளஸ் டூ வந்தது 1978இல். அதோடு சேர்ந்தே தொழிற்கல்விப் பிரிவும் வந்தது. அதே வருடம் கல்வியாளர் மால்கம் ஆதிசேஷையா தலைமையில் மத்திய அரசு அமைத்த குழு, மேல்நிலை வகுப்பில் தொழிற்கல்வியை எப்படிக் கொண்டுவருவது என்று அறிக்கையே கொடுத்தது. 1986 கல்விக் கொள்கை, 1990க்குள் மேல்நிலை மாணவர்களில் 10 சதவீதம், 1995க்குள் 25 சதவீதம் பேர் தொழிற்கல்விக்கு வர வேண்டும் என்றது. 1992இல் உட்கார்ந்து அந்த வருடங்களை மட்டும் 1995, 2000 என்று தள்ளி வைத்தார்கள். இலக்கைத் தள்ளி வைப்பதில் நமக்கு ஈடு கிடையாது.

எங்களைப் போன்றவர்களை ஆரம்பத்தில் பகுதிநேரமாகத் தொகுப்பூதியத்தில் எடுத்தார்கள், நிரந்தரம் ஆனதெல்லாம் வெகு பின்னால். பழைய 1,200 மார்க் முறையில் தொழிற்கல்விக்குக் கருத்தியல் 200, செய்முறை இரண்டு தாள் 400, ஆக மொத்த மார்க்கில் பாதி எங்கள் பாடம். எங்கள் பள்ளியில் பையன்கள் பெஞ்சு, ஜன்னல் கிரில், சைக்கிள் ஸ்டாண்ட் எல்லாம் அவர்களே வெல்டு வைத்துச் செய்தார்கள். இன்றைக்கும் அந்த சைக்கிள் ஸ்டாண்ட் நிற்கிறது. பிறகு என்ன ஆனது என்றால், ஆசிரியர் ஓய்வு பெற்றால் அந்த இடத்துக்கு ஆள் வராது. ஆள் இல்லையென்றால் அடுத்த வருடம் சேர்க்கை இல்லை, சேர்க்கை இல்லையென்றால் குரூப்பே இல்லை. நான் ஓய்வு பெற்ற மறு வருடம் எங்கள் பள்ளியில் மூடிவிட்டார்கள், சாவி யாரிடம் இருக்கிறது என்றுகூட இப்போது தெரியாது.

அதனால் உங்கள் தலைமை ஆசிரியரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: அந்தப் பக்கத்து ஊர்ப் பள்ளியில் இயந்திரவியலுக்கு நிரந்தர ஆசிரியர் இருக்கிறாரா, அவர் எந்த வருடம் ஓய்வு பெறுகிறார்? பதில் இழுபட்டால் வேண்டாம். வேறு பாட ஆசிரியர் வந்து புத்தகத்தைப் படிக்கச் சொல்லிவிட்டுப் போகிற தொழிற்கல்வியைவிட வீட்டுப் பக்கத்துத் தறி மேஸ்திரியே மேல்.

நல்ல ஆசிரியர் இருந்தால் அந்தக் குரூப்பில் ஒரு வசதி உண்டு. அவன் கையில் முழு பிளஸ் டூ சான்றிதழ் இருக்கும். தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வில் தொழிற்கல்வி மாணவர்களுக்கு 2 சதவீதம் தனியாக இருக்கிறது, எல்லாப் பிரிவுக்கும் இல்லை, குறிப்பிட்ட சில பிரிவுகளுக்கு மட்டும். பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் வருடமும் சேரலாம்.

நைட்ஷிஃப்ட்:

எல்லோரும் நல்லதாகவே சொல்கிறீர்கள், நான் கொஞ்சம் கசப்பைச் சொல்லிவிடுகிறேன். டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்து ஒரகடம் பக்கம் ஒரு கார் பாகம் செய்கிற கம்பெனியில் ட்ரெய்னியாகச் சேர்ந்தேன். கம்பெனி பேர் வேண்டாம். மூன்று வருடம் லைனில் நின்றேன், பர்மனென்ட் ஆட்கள் செய்கிற அதே வேலை, சம்பளம் அவர்களில் கால்வாசி. மூன்று வருடம் முடிகிற மாதம் நன்றி சொல்லி ஒரு சர்டிபிகேட் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அடுத்த வாரம் என் இடத்தில் புது பேட்ச். வேறு கம்பெனி போனேன், அங்கேயும் முதலில் ட்ரெய்னி.

இதில் நான் செய்த தப்பு ஒன்று உண்டு. மூன்று வருடமும் ஒரே ஸ்டேஷன், ஒரே பட்டன். பார்ட்டை வை, பட்டனை அழுத்து, எடு. வெளியே வந்தபோது எனக்குத் தெரிந்த தொழில் அந்தப் பட்டன் மட்டும்தான். என்னோடு இருந்த ஐ.டி.ஐ. எலக்ட்ரீஷியன் பையன் மெயின்டனன்ஸ் பக்கம் ஒட்டிக்கொண்டான், பேனல், சென்சார், மெஷினை இயக்குகிற பி.எல்.சி. என்ற குட்டிக் கம்ப்யூட்டர் என்று நோண்டிக்கொண்டே இருந்தான், இன்றைக்கு அவனை மூன்று கம்பெனி கூப்பிடுகிறது. எனவே எந்தப் படிப்பு என்பதைவிட, உற்பத்தி லைனா மெயின்டனன்ஸா என்பது பெரிய வித்தியாசம். உங்கள் தம்பிக்கு ரிப்பேர் மூளை இருக்கிறது, அவனை லைனில் நிறுத்திவிடாதீர்கள்.

அந்த 5,000 ரூபாய் ஆட்களுக்கு ஒரு பைசா கொடுக்காதீர்கள். பல இடத்தில் வாத்தியார்களையே தெருத்தெருவாக அனுப்பி இத்தனை பேரைப் பிடித்து வா என்கிறார்கள். அவர்களும் பாவம்தான், அதற்காக நாம் ஏமாற வேண்டியதில்லை.

பவானிக்கரை:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. லேத்துக்கடை அண்ணா சொன்னதை அப்பாவிடம் படித்துக் காட்டினேன், கேட்டுவிட்டு, "அப்போ அவன் கடைசி வரைக்கும் ஐ.டி.ஐ.தானா, என் பையன் இஞ்சினியர் ஆகவே முடியாதா" என்று ஒரே கேள்விதான் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அப்பா கோபத்தில் கேட்கவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

வழிக்கணக்கு:

அக்கா, இதை விரல் விட்டு எண்ணினாலே அப்பாவுக்குப் புரிந்துவிடும். பத்தாவதுக்குப் பிறகு எத்தனை வருடத்தில் பி.இ. என்று பாருங்கள்.

பிளஸ் டூ 2, பி.இ. 4. ஆக 6 வருடம். டிப்ளமோ 3, பிறகு பி.இ. நேரடி இரண்டாம் வருடத்தில் சேர்ந்தால் 3. அதுவும் 6 வருடம்தான்! ஐ.டி.ஐ. 2, அங்கிருந்து டிப்ளமோ இரண்டாம் வருடத்தில் சேர்ந்து 2, பி.இ. 3, ஆக 7. ஒரே ஒரு வருடம்தான் கூட. அந்த ஒரு வருடத்துக்குக் கையில் மூன்று சான்றிதழ், எந்தப் படியில் நின்றாலும் வேலைக்குப் போகலாம். பி.இ. இரண்டாம் வருடத்தில் டிப்ளமோக்காரர்களுக்கு என்று 10 சதவீதம் கூடுதல் இடம் உண்டு, முதல் வருடத்தில் நிரம்பாத இடங்களும் வரும். நான் அப்படித்தான் போனேன். காரைக்குடி கல்லூரி நடத்திய கலந்தாய்வில் இடம் எடுத்தேன்.

மறைக்காமல் ஒன்று சொல்ல வேண்டும். பாதை இருக்கிறது என்பதால் எல்லோரும் அதில் ஏறிவிடுவதில்லை. ஐ.டி.ஐ.யிலிருந்து நேரே டிப்ளமோ இரண்டாம் வருடம் போகிற பையனுக்குக் கணக்கு முட்டும், ஏனென்றால் அவன் இரண்டு வருடமாகப் பட்டறைக் கணக்கு மட்டும்தான் போட்டிருப்பான், திடீரென்று வகைக்கெழு, தொகையீடு என்று வந்து நிற்கும். என் பேட்சில் ஐ.டி.ஐ.யிலிருந்து வந்தவர்கள் பாதிப் பேர் கணக்கில் அரியர் வைத்தார்கள். தம்பிக்கு 52தான் என்கிறீர்கள். ஐ.டி.ஐ. படிக்கும்போதே ஞாயிற்றுக்கிழமை யாரிடமாவது பதினொன்றாம் வகுப்புக் கணக்கை விடாமல் போடச் சொல்லுங்கள்.

இன்னொன்று, இதை யாரும் சொல்லவில்லை. ஆறாவது முதல் அரசுப் பள்ளி என்று எழுதியிருக்கிறீர்கள். பொறியியலில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு 2021இல் வந்தது, அதில் இடம் கிடைத்தால் படிப்புச் செலவையும் அரசே ஏற்கிறது. ஆனால் அதற்கு ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும். பத்தாவதோடு ஐ.டி.ஐ.க்கோ டிப்ளமோவுக்கோ போனால் அந்தக் கதவு மூடிவிடும். அரசுப் பள்ளியின் தொழிற்கல்வி குரூப்பில் சேர்ந்தால் மூடாது. இதைத் தெரிந்தே முடிவெடுங்கள், பிறகு யாரோ சொல்லித் தெரிந்து வருத்தப்படக் கூடாது.

அப்பாவிடம் இதையும் சொல்லுங்கள்: ரயில்வேயில் உதவி லோகோ பைலட் (ரயில் ஓட்டுநரின் உதவியாளர்) வேலைக்குப் பத்தாவதோடு ஐ.டி.ஐ. இருந்தால் விண்ணப்பிக்கலாம். இஸ்ரோவில் டெக்னீஷியன் வேலைக்கும் கேட்பது பத்தாவதும் ஐ.டி.ஐ.யும்தான். பி.இ. முடித்தவர்களும் லோகோ பைலட் பரீட்சை எழுதுகிறார்கள், எங்கள் தெருவிலேயே ஒருவர் எழுதினார்.

வெள்ளைக்கோட்டு:

இயந்திரவியல் பற்றித் தெரியாது, ஆனால் தொழிற்கல்வி குரூப் என்றதும் எழுதத் தோன்றியது. நான் பிளஸ் டூவில் செவிலியம் எடுத்தேன். அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போய் ரத்த அழுத்தம் பார்ப்பது, கட்டுப்போடுவது, படுக்கை விரிப்பது எல்லாம் கற்றுக்கொடுத்தார்கள், எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. பள்ளியை விட்டு வெளியே வந்த பிறகுதான் தெரிந்தது, அந்தச் சான்றிதழை வைத்து நர்ஸ் என்று நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்ய முடியாது என்பது. ஒரு தனியார் மருத்துவமனையில் இரண்டு வருடம் உதவியாளர் சம்பளத்தில் நர்ஸ் வேலை பார்த்தேன். பிறகு பணம் சேர்த்து முறையாக மூன்று வருட நர்சிங் டிப்ளமோ முடித்த பிறகுதான் பதிவெண் வந்தது.

வகுப்பில் முன்னாலேயே கற்றிருந்ததால் டிப்ளமோவில் எனக்குச் சுலபமாக இருந்தது, அதை மறுக்கவில்லை. ஆனால் சேரும் அன்றைக்கு ஒருவரும் இதைச் சொல்லவில்லை. எந்தப் பிரிவாக இருந்தாலும், இந்தச் சான்றிதழைக் காட்டினால் எந்த அலுவலகம் எதற்குப் பதிவு செய்யும் என்று கேட்டுவிட்டுச் சேருங்கள். எலக்ட்ரீஷியன், வயர்மேன் என்று போனாலும் இதே கேள்விதான், வயரிங் வேலையை முறையாக எடுத்துச் செய்ய லைசென்ஸ் வேண்டும்.

கரிசல்:

ஒரு விஷயம் உறுத்துகிறது, சொல்லிவிட்டுப் போகிறேன். தலைமை ஆசிரியர் ஏன் தொழிற்கல்வியைச் சொன்னார்? பையனுக்குக் கை வேலை வரும் என்றா, மார்க் குறைவு என்றா? அக்கா எழுதியதைப் பார்த்தால் இரண்டாவது. நம் ஊரில் தொழிற்கல்வி என்றால் மிச்சப்பட்டவர்களைத் தள்ளிவிடுகிற இடம் என்று ஆகிவிட்டது. அந்த மிச்சம் யார் வீட்டுப் பிள்ளைகள் என்று எண்ணிப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

1953இல் ராஜாஜி அரைநாள் பள்ளி, அரைநாள் அப்பன் தொழில் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார், குலக்கல்வி என்று ஊரே எதிர்த்தது, 1954இல் காமராஜர் முதல்வரானதும் அது போனது. எழுபது வருடம் ஆகியும் அந்தப் பயம் நமக்குப் போகவில்லை, போகவும் வேண்டாம். பரம்பரைக் கைத்தொழில் செய்பவர்களுக்குக் கடனும் பயிற்சியும் தருகிற மத்திய அரசின் விஸ்வகர்மா திட்டத்தில் குறைந்தபட்ச வயது 18 என்றபோது, அதை 35 ஆக்கு என்று தமிழ்நாடு கேட்டதும் இதனால்தான், 18 வயதுப் பையன் கல்லூரிக்குப் போக வேண்டியவன். தறிக்காரர் மகன் ஆயிலில் கை வைக்கக் கூடாது என்று அந்த அப்பா சொல்வதில் எந்தத் தப்பும் இல்லை. பட்டறையின் பெருமையை இங்கே பேசுகிறவர்கள் தங்கள் பிள்ளையை எங்கே சேர்த்திருக்கிறார்கள்?

லேத்துக்கடை:

கரிசல் தம்பி, கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். என் மகள் பி.காம். படிக்கிறாள், மகன் டிப்ளமோ டூல் அண்ட் டை. அவனாகக் கேட்டுத்தான் சேர்ந்தான். சனிக்கிழமை பட்டறைக்கு வருவான், வந்தால் மற்ற பையன்களுக்கு என்ன கூலியோ அதுதான் அவனுக்கும்.

நீங்கள் சொல்வது நியாயம். யாரோ மார்க்கைப் பார்த்துத் தள்ளிவிட்டால் அது தண்டனை. பையன் சாப்பாட்டை விட்டுவிட்டு ஸ்பேனரோடு போய் நிற்கிறான் என்று எழுதியிருக்கிறார்களே, அவனுக்கு எது பிடிக்கும் என்று இந்த உரையாடலில் ஒருவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

ஓய்வுவாத்தியார்:

கரிசல் சொன்னதை முப்பது வருடம் கண்ணால் பார்த்தவன் நான். முதல் குரூப்புக்கு மார்க் வரிசைப்படி ஆள் எடுத்து, கடைசியில் மீந்தவர்களை என் வகுப்புக்கு அனுப்புவார்கள். முதல் மாதம் முழுக்க அந்தப் பிள்ளைகளின் குனிந்த தலையை நிமிர்த்துவதே என் வேலை. முதல் வெல்டு சரியாக விழுந்த அன்றைக்குத்தான் அவர்கள் முகம் மாறும்.

ஐ.டி.ஐ. பக்கம் போவதாக இருந்தால் சில விவரம் தருகிறேன். அரசு ஐ.டி.ஐ.யில் பயிற்சிக் கட்டணம் கிடையாது, பஸ் பாஸ், சைக்கிள், புத்தகம், சீருடை, ஷூ, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. அரசுப் பள்ளியில் படித்த பையன் என்பதால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும், 2024 ஆகஸ்டில் தொடங்கியது. ஆங்கிலம் 41 என்று பயப்பட வேண்டாம், கிண்டியில் இருக்கும் நிமி நிறுவனம் ஐ.டி.ஐ. பாடங்களைத் தமிழிலும் புத்தகமாகப் போடுகிறது. 1986இல் ஜெர்மனி உதவியோடு ஏற்பட்ட நிறுவனம் அது, படங்கள் தெளிவாக இருக்கும். மாநிலத்தில் 71 அரசு ஐ.டி.ஐ.க்களை டாடா டெக்னாலஜீஸுடன் சேர்ந்து 2,877 கோடி ரூபாயில் புதுப்பித்திருக்கிறார்கள், சி.என்.சி., ரோபோ, மின்வாகனம் எல்லாம் வந்திருக்கிறது. நீங்கள் பார்க்கப் போகிற ஐ.டி.ஐ. அதில் ஒன்றா என்று கேளுங்கள்.

பிளஸ் டூ இல்லாமல் போய்விடுமே என்ற கவலைக்கும் வழி இருக்கிறது. பத்தாவது முடித்து இரண்டு வருட ஐ.டி.ஐ. தேறியவர், பிளஸ் டூ மொழித்தாள்களான தமிழையும் ஆங்கிலத்தையும் மட்டும் எழுதித் தேறினால் பிளஸ் டூவுக்கு இணை என்று சான்று தருகிறார்கள். ஐ.டி.ஐ. இரண்டாம் வருடத்திலேயே முதல்வரிடம் இதற்கான படிவத்தைக் கேட்டு வாங்குங்கள், தானாக யாரும் கூப்பிட்டுச் சொல்ல மாட்டார்கள்.

வயதையும் கவனியுங்கள். இப்போது 15 என்றால் ஐ.டி.ஐ. முடிக்கும்போது 17. கம்பெனிகள் 18 ஆகாமல் எடுக்காது. அந்த இடைவெளியில் அப்ரன்டிஸ் (நிறுவனத்திலேயே வேலை பழகும் பயிற்சி) முயற்சி செய்யலாம், 1961 சட்டப்படி 14 வயதிலிருந்தே உண்டு, அபாயகரமான தொழிற்சாலை என்றால் மட்டும் 18. பெரிய பொதுத்துறை நிறுவனத்திலோ ரயில்வேயிலோ கிடைத்தால் விடவே விடாதீர்கள். ரயில்வேயின் கடைநிலைப் பணியிடங்களில் அப்ரன்டிஸ் முடித்தவர்களுக்கு 20 சதவீதம் ஒதுக்கீடும் இருக்கிறது.

பவானிக்கரை:

நாலு நாள் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும், ஷிப்மென்ட் வேலை.

முதலில் தலைமை ஆசிரியரிடம் வாத்தியார் ஐயா சொன்ன கேள்வியைக் கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அந்த ஆசிரியருக்கு அடுத்த வருடம் ஓய்வு என்றார். அதோடு அந்தக் கதை முடிந்தது. 7.5 சதவீதம் போகிறதே என்று மனசு அடித்துக்கொண்டது, ஆனால் வாத்தியார் இல்லாத வகுப்பில் இரண்டாம் வருடம் முழுக்க உட்கார்ந்து அவன் பி.இ. வரை போவான் என்று எனக்கு நம்பிக்கை வரவில்லை.

நேற்று தம்பி, அப்பா, நான் மூன்று பேரும் ஈரோட்டில் அரசு ஐ.டி.ஐ.யைப் போய்ப் பார்த்தோம், பதினோரு மணிக்கே. லேத்துக்கடை அண்ணா, தரையில் சுருள் கிடந்தது! தம்பி ஃபிட்டர் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு நேரே எலக்ட்ரீஷியன் பட்டறைக்குப் போய்விட்டான். அங்கே ஒரு மோட்டாரைப் பிரித்து கம்பிச் சுருளை (காயில்) புதிதாகச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். இன்ஸ்ட்ரக்டரிடம், "சார், சுற்று எண்ணிக்கை தப்பிப் போனால் எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?" என்று கேட்டான், அவரும் வேலையை நிறுத்திவிட்டுக் கால்மணி நேரம் பேசினார். நான் இவன் இவ்வளவு நேரம் யாரோடும் பேசிப் பார்த்ததில்லை. மாமா ஃபிட்டர் ஃபிட்டர் என்கிறார், இவன் எலக்ட்ரீஷியன் என்கிறான். இவன் பேச்சைத்தான் கேட்கப் போகிறேன், நைட்ஷிஃப்ட் சொன்ன மெயின்டனன்ஸ் கணக்குக்கும் அது ஒத்துவருகிறது.

அப்பா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். பஸ்ஸில் வரும்போது மட்டும், "அந்த ஏழு வருசக் கணக்கை ஒரு பேப்பரில் எழுதிக் கொடு" என்றார். எழுதிக் கொடுத்தேன், மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

கணக்குக்கு ஞாயிற்றுக்கிழமை டியூஷன் எங்கள் தெருவிலேயே ஒரு அக்கா சொல்லித் தருகிறேன் என்றிருக்கிறார். இன்றைக்கு ஆன்லைனில் விண்ணப்பம் போடப் போகிறேன். வேறு ஏதாவது கவனிக்க வேண்டுமா?

வழிக்கணக்கு:

விருப்ப வரிசையில் ஒரே ஐ.டி.ஐ.யைப் போட்டுவிட்டு நிற்காதீர்கள், எலக்ட்ரீஷியனுக்குப் போட்டி அதிகம், கோபிசெட்டிபாளையம் ஐ.டி.ஐ.யையும் சேர்த்துப் போடுங்கள். சாதிச் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ், மார்க் ஷீட் மூன்றையும் அசல் கொடுப்பதற்கு முன்னால் பத்து ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள். தம்பி பெயரில் பேங்க் கணக்கு இல்லையென்றால் இந்த வாரமே திறந்து ஆதாரை இணைத்துவிடுங்கள், உதவித்தொகை எல்லாம் அதில்தான் வரும்.

லேத்துக்கடை:

எலக்ட்ரீஷியன் என்றாலும் சரிதான், என் மெஷின் நின்றால் நான் ஓடிப்போய்க் கூப்பிடுவது அவர்களைத்தான். சேர்ந்ததும் நல்ல டெஸ்டரும் கட்டிங் பிளேயரும் அவன் கையாலேயே பார்த்து வாங்கச் சொல்லுங்கள், செட்டாகக் கிடைக்கிற மட்டமான சாமான் வேண்டாம். தறி மேஸ்திரியிடம் போவதையும் நிறுத்த வேண்டாம்.